பாதி டேங்க் பால்

பால் டேங்கர் ஓட்டுகிறவன் கையில் ஒரு சொட்டுப் பால்கூட இருக்காது. எங்கள் ஊரில் இது எவனுக்கும் புரியாது. மேல்மூடியைப் பூட்டி சீல் வைத்த பிறகுதான் வண்டியையே எடுக்க விடுகிறார்கள். சேலம் பக்கம் பால் பண்ணையில் சீலைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். சொன்னால் கேட்கிறார்களா? என் மனைவியின் தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஒரு கேன் பால் கேட்டான். முடியாதென்றதும், "கண்டெய்னர் ஓட்டறப்ப நல்ல மனுசனா இருந்தீங்க மாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் நாலு பக்கமும் மூடிய பெட்டி லாரி ஓட்டிய காலத்தில், சரக்கோடு சரக்காகப் புளி மூட்டையைத் திணித்துப் பெங்களூரில் இறக்கச் சொன்ன மகராசன் இவன்தான். என் வீட்டில் காப்பிக்குக் கடையில் பாக்கெட் பால் வாங்குகிறோம். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல?

பெட்டி லாரி என்றால் நாக்பூர், மும்பை என்று கிளம்பினால் வீடு திரும்ப மாதமாகும். மகள் வயசுக்கு வந்த அன்று நான் நாக்பூர் தாண்டி ஒரு டோல்கேட்டில் நின்றிருந்தேன். தாய்மாமன் சீர் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். மனைவி சண்டை போடவில்லை. "இன்னொரு தடவ வடக்க போறதுன்னா எங்கள மறந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் டேங்கருக்கு மாறினேன். பாப்பாரப்பட்டிப் பக்கம் பாலைக் குளிரவைக்கும் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, தொப்பூர் கணவாய் இறங்கிப் போய்க் கொட்டிவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். திரும்பும்போது கணவாய் ஏறியதும் வீட்டுக்குப் போன் போட்டு, "தொப்பூர் ஏறிட்டேன்" என்பேன். சரி என்று வைத்துவிடுவாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஓட்டுவதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். பெட்டியில் சரக்கைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால், பிரேக் மிதித்ததும் வண்டியோடு சேர்ந்து அதுவும் நிற்கும். இந்தப் பால் நிற்காது. வண்டி நின்ற பிறகு பின்னாலிருந்து வந்து முட்டும். போய்விட்டு மறுபடி வந்து முட்டும். உள்ளே தடுப்புப் பலகை வைத்தால் என்ன என்று கேட்டேன். கழுவும்போது மூலையில் பால் தங்கிப் புளித்துவிடுமாம், அதனால் வைக்க மாட்டார்களாம். பாலுக்கு இருக்கிற மரியாதை டிரைவருக்குக் கிடையாது. தர்மபுரி சிக்னலில் நின்ற வண்டி தானாக ஒரு முழம் நகர்ந்து, முன்னாலிருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு எத்தனை நாள் ஆகிறது என்று என்னைக் கேட்டார். என்னை!

ஒருநாள் பால் வரத்து குறைவு. டேங்க் பாதிதான் நிரம்பியது. இன்றைக்கு லேசான வண்டி, பறந்துவிடுவீர்கள் என்றார் நிலையத்துக்காரர். நானும் குஷியாகத்தான் கிளம்பினேன். பெட்டி லாரிக்காரனுக்குப் பாதி லோடு என்றால் பண்டிகை. இறக்கத்தில் ஒரு கியர் கூட்டி வேகமாகவே இறக்கலாம், வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற கிறுக்குத்தனம் எனக்குக் கிடையாது. கை பழகிய பழக்கத்தில் ஒரு கியர் கூட்டி வைத்தேன், அவ்வளவுதான்.

தொப்பூர் வளைவில் முன்னால் ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. மிதித்தேன். வேகம் அடங்கியது. அப்பாடா என்று காலைத் தளர்த்திய நேரத்தில் மொத்தப் பாலும் முன்னால் வந்து அறைந்தது. டேங்க் நிறைந்திருந்தால் பால் இவ்வளவு வேகம் பிடித்து ஓட இடம் ஏது? பாதி டேங்கில்தான் அந்த இடம் இருக்கிறது. பஸ்ஸின் பின் கண்ணாடி வழியே, கடைசி சீட்டில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் மடியிலிருந்த குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு சாண் மிச்சம் வைத்து வண்டி நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். வண்டி நின்ற பிறகும் பால் ஆடிக்கொண்டிருந்தது.

இறக்கம் முடிந்ததும் ஓரங்கட்டிப் பழைய முதலாளிக்குப் போன் போட்டேன். அவருக்கு ஏக சந்தோஷம். நாக்பூர் லோடு தயார், நாளைக்கே வந்துவிடு என்றார். சரி என்றேன். போய்த் தொலையட்டும் இந்த டேங்கர் என்றிருந்தது. பாலைக் கொட்டிவிட்டுத் திரும்பிக் கணவாய் ஏறினேன். அன்று வீட்டுக்குப் போன் போடவில்லை. என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு வந்தால் அடுப்பு எரியவில்லை. மனைவி அரிசியை ஊறவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரேக், பால், பஸ், அந்தப் பெண், நாக்பூர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க வடக்க இருந்தப்ப வூட்ல ராத்திரிக்கு ஒல வெச்சதே இல்லீங்க. காலைல வடிச்ச சோத்துலயே தண்ணிய ஊத்திக் குடிச்சிட்டு நானும் புள்ளயும் படுத்துக்குவோம். நீங்க தொப்பூர் ஏறிட்டேன்னு சொல்ல ஆரம்பிச்ச பொறவுதான் சாயங்காலம் அடுப்பே பத்த வெக்கறேன்."

ஊறுகிற அரிசியை ஒரு தடவை கிளறிவிட்டாள். பிறகு கேட்டாள். "நாளைக்கி அரிசி போடட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? யார்மேல் கோபம் என்று தெரியாமல் போடு என்று கத்தினேன்.

இப்போது பாதி டேங்க் என்றால் தொப்பூரில் இரண்டாம் கியரில் ஊர்கிறேன். பின்னால் வருகிற பெட்டி லாரிக்காரர்கள் ஆரன் அடித்தே காதைக் கிழிக்கிறார்கள். என்னோடு நாக்பூர் ஓட்டிய ஒருவன் தாண்டிப் போகும்போது தலையை நீட்டி, தேர் இழுக்கிறாயா என்று கேட்டான். ஆமாம், இழுக்கிறேன். அவசரமென்றால் பறந்து போ.

பொழுது சாயத் திரும்பி ஏறியதும் போன் போடுகிறேன். "தொப்பூர் ஏறிட்டேன்." முன்பெல்லாம் சரி என்று வைத்துவிடுவாள். இப்போது அதுவும் சொல்வதில்லை. அடுப்பு லைட்டர் சொடுக்குகிற சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகு நான்தான் வைக்கிறேன்.