பிள்ளை முறை

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஜூஸ் கம்பெனியில் எந்தப் பேச்சு எழுந்தாலும் என்னை முன்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் பின்னால் நின்றுகொள்வார்கள். கங்காதர நெல்லூர் பக்கம் மாங்காய் பழுக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் வீட்டில் இருப்பதில்லை. கம்பெனியில் லாரி லாரியாகக் கிளிமூக்கு மாங்காய் வந்து இறங்கும். அழுகலைப் பொறுக்கித் தள்ளுவதும், வெட்டிக் கொட்டை எடுப்பதும் எங்கள் வேலை. சீசன் முடிவதற்குள் மாங்காய்ப்பால் பட்டு விரல் தோலெல்லாம் உரிந்துவிடும். ஆனாலும் அந்தக் காலம் எனக்குப் பிடிக்கும். ஷேர் ஆட்டோவில் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, யாருடைய மாமியாரையாவது வம்புக்கு இழுத்துச் சிரித்துக்கொண்டே போவோம்.

பிள்ளைகள்தான் பிரச்சினை. அங்கன்வாடி மத்தியானத்தோடு மூடிவிடும். நாங்கள் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அதற்கு நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் பிள்ளை முறை. எங்கள் ஊரில் பங்குக் கிணறுகள் அதிகம். நாலைந்து வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் முறையை மற்றவர்கள் ஓட்டிக் கொடுப்பார்கள், கழனி காயாது. அதையே பிள்ளைகளுக்கும் வைத்துக்கொண்டோம். முறை வருகிறவள் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டாள். எல்லார் பிள்ளையையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு சோறாக்கிப் போடுவாள். என் மகனுக்கு நாலு வயது. நான் போட்டால் மூக்கைச் சுளிப்பவன் மற்ற வீடுகளில் தட்டை வழித்துத் தின்றுவிட்டு வருவான். போன வருஷம் ஒருத்தியின் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் கேட்காமலே அவள் முறையை நாங்கள் ஓட்டினோம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்த வருஷம் கம்பெனிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். நாகலாபுரம் பக்கத்துக்காரி. அவள் புருஷன் திருப்பதியில், அலிபிரிக்குப் பக்கத்தில் கட்டட வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து, சொந்த ஊரில் தன் அம்மாவிடம் கிடக்கிறான். சம்பாதிக்க இவள் ஒருத்திதான். மூன்று வயதுப் பெண்ணோடு வந்து எங்கள் ஊர்க் காலனியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தாள். முதலில் பிள்ளையை வேலைக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "பில்லனி தீஸ்கொனி ராவத்து" என்று தெலுங்கில் சொல்லிவிட்டார். பிள்ளையோடு வந்தால் வேலை இல்லை. மறுநாள் தனியாக வந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டேன். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். வெளியே அடித்த வெயிலையும் அந்தத் தகரக் கொட்டகையையும் நினைத்துக்கொண்டேதான் அன்றைக்கு மாங்காய் வெட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆட்டோவிலேயே பேச்சை எடுத்தேன். அவள் காலனிப் பெண்களோடு நடந்து போய்விடுவாள், ஆட்டோவில் இல்லை. அவளையும் முறையில் சேர்த்துக்கொள்வோம் என்றேன். என் ஓரகத்தி, என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, வாயைத் திறந்தாள்.

"அவ முறை வந்தா எங்க வெச்சிக்கினு பாத்துப்பா? நம்ம புள்ளைங்கள தகரத்துக்குள்ள போட்டு வேக வெக்கிறதா?"

"அதுக்கு ஒரு வழி பண்ணலாம்க்கா."

"கெணத்துல பங்கு இல்லாதவளுக்கு ஏது முறை?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விஷயம் தகரம் இல்லை, காலனி. எங்கள் பக்கத்தில் காலனி ஆட்கள் ஊர்க்காரர் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும். கம்பெனியில் முழங்கை உரச உட்கார்ந்து வேலை செய்வோம், ஒரே கேனில் தண்ணீர் பிடித்துக் குடிப்போம். ஆட்டோ ஊருக்குள் திரும்பியதும் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

கோபம் வந்தால் நான் யோசிப்பதில்லை. "அவ முறைக்கு என் வூடு. சாவி குடுத்துட்டு நான் வேலைக்கு வந்துடறேன். இன்னும் யாருக்கு இன்னா கஷ்டம், சொல்லுங்க" என்றேன். யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. புது ஆள் என்பதால் அவள் முறையை இரண்டாவது சுற்றின் கடைசியில் வைத்தோம்.

என் புருஷன் திருப்பதியில் ஓட்டலில் வேலை செய்கிறார், லீவுக்குத்தான் வருவார். போனில் விஷயத்தைச் சொன்னதும், முன்னே பின்னே தெரியாதவளிடம் சாவியா என்று கொஞ்சம் இழுத்தார். பிறகு அவரே, "சரி, குடு. அந்த வூட்டுல பயப்படற மாதிரி இருக்கறது நீ ஒருத்திதான், நீயும் வேலைக்குப் பூடுவ" என்றார்.

ஓரகத்தியின் முறை முதலில் வந்தது. சாயங்காலம் மகனைக் கூப்பிடப் போனேன். பிள்ளைகளெல்லாம் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தன. புதியவளின் பெண்குழந்தை மட்டும் வாசற்படியில் ஒரு பேப்பர் தட்டோடு உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. அது அழாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எல்லாப் புள்ளையும் உள்ள இருக்கணும், இல்லனா எல்லாப் புள்ளையும் வெளிய இருக்கணும். எது வேணும்னு நீயே பாத்துக்கோக்கா" என்றேன்.

அவள் என்னைவிட வீம்புக்காரி. அடுத்த சுற்றில் தன் முறை வந்தபோது, தன் சொந்த மகன்கள் உட்பட எல்லாரையும் வெளியே வராந்தாவில் உட்கார வைத்துவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடித்து அவள் சின்ன மகன் தும்மியதும் கதவைத் திறந்திருக்கிறாள். பிள்ளைகளில் ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்க முடியுமா, எல்லாம் ஈரக்காலோடு உள்ளே ஓடிவிட்டன. சாயங்காலம் நான் போனபோது அந்தப் பெண் மற்றவர்களோடு சேர்ந்து டிவிக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தது. ஓரகத்தி என் முகத்தைப் பார்க்காமல், "தொடைச்சி விட்டேன், இல்லனா சளி புடிக்கும்" என்றாள். ஊரையே திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் தெருவில் நடந்தேன்.

பிறகு புதியவளின் முறை வந்தது. காலையில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பழக்கதோஷத்தில் வீட்டைப் பூட்டி, சாவியை வாசலில் நின்றிருந்தவள் கையில் திணித்து, "பசங்கள பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஓடி ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து இறங்கினால் வீட்டுப் பக்கவாட்டிலிருந்து புகை வாசனை. போய்ப் பார்த்தேன். புங்கமரத்தடியில் பிள்ளைகள் முகம் கழுவி, தலை வாரி, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தன. என் மகன் அந்தப் பெண்ணை முதுகில் ஏற்றிக்கொண்டு யானையாகப் போய்க்கொண்டிருந்தான். மூன்று கல்லைக் கூட்டிய அடுப்பு, அதன்மேல் அவள் காலனியிலிருந்து கொண்டு வந்த அலுமினியப் பானை. வீட்டுக் கதவில் காலையில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா இது? உள்ள கேஸு இருக்குது, ஃபேன் இருக்குது. எதுக்கு வெளிய ஒக்காந்துக்கினு வெறகு ஊதற?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள்.

"சாவி குடுத்தீங்கம்மா. உள்ள போன்னு சொல்லலியே."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். பிள்ளையை வாசற்படியில் உட்கார வைத்தவளிடம் அத்தனை நியாயம் பேசிவிட்டு, பிள்ளையைப் பெற்றவளை வாசலில் நிற்க வைத்து நானே பூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே தொற" என்றேன். திறந்தாள். படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா. பானையில மிச்சம் இருந்தா அதையும் எடுத்துக்கினு வா. பசிக்குது."

பானையின் அடியில் கேழ்வரகுக் களி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீரைக் கடைசலும் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து இரண்டு தட்டில் போட்டேன். அவள் சுவரோரமாக, எழுந்து ஓடத் தயாராக இருப்பவள் மாதிரி உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தேன். களி நன்றாகவே இருந்தது, ஆனால் அவளை அடுப்பங்கரைக்குள் அனுப்ப எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"உப்பு கம்மியா இருக்குதே" என்றேன்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் ஆக்கணும் இல்ல, என்கிட்ட இருந்தது அவ்ளோதாம்மா."

கேழ்வரகும், கீரையும், விறகும், எல்லாமே அவள் வீட்டிலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடுப்பங்கரையில உப்பு இருக்குது. போயி எடுத்துக்கினு வா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

"எந்த டப்பாம்மா?"

"தேடிப் பாரு. உன் முறையில அது உன் அடுப்பங்கரை."

எந்த டப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.