லுசேர்ன் நகரமும் பதினொரு சோபாக்களும்

நாங்கள் இருக்கும் நோர்பரியில், தமிழ் முதியோர் சங்கத்தில் மாதம் ஒருவர் பேச வேண்டும். என் முறை வந்தபோது, ‘லுசேர்ன்: வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் மனைவியும் நானும் அந்தச் சுவிஸ் நகரத்தில் ஐந்து நாட்கள் இருந்துவிட்டு வந்திருந்தோம். ஒரு சின்னக் குறை. அங்கே நான் பார்த்தது பதினொரு சோபாக்களை மட்டும்தான்.

போக ஆசைப்பட்டவள் மனைவிதான். ஆற்றுக்குக் குறுக்கே கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் ஒருதரம் நடக்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஊரில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்களே! முதல் நாள் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் சாப்பிட்டோம். அங்கே சாப்பிட்டுவிட்டு இங்கே வராமல் போவதா என்று அடுத்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் ஆட்டுக்கறி அடுப்பில் ஏறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மலை பனியோடு நின்றது. “வெளிச்சம் கண்ணில குத்துது,” என்று திரையை இழுத்துவிட்டு, யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோவைப் போட்டார்கள். இப்படியே ஐந்து நாளில் பதினொரு வீடு.

ஏழாவது வீட்டுச் சுவரில் அந்தப் பாலத்தின் பெரிய படம் தொங்கியது. எங்களை அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

“நேரில பாக்கிறதைவிட இதிலதான் வடிவு,” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றாலும் இடியப்பத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

சங்கத்தில் வெளுத்து வாங்கினேன். நூலகப் புத்தகத்தில் படித்ததெல்லாம் வந்தது: மடாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர், கணவாய் வழியாக வந்த வியாபாரம், தீப்பிடித்துத் திரும்பக் கட்டிய பாலம். பாறையில் செதுக்கிய சாகும் சிங்கத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல்கூடத் தழுதழுத்தது.

அப்போது முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். “அண்ணை, நடக்கேக்க அந்தப் பாலத்துப் பலகையள் சத்தம் போடுமோ?”

புத்தகத்தில் அது இல்லை. நான் குறிப்புத் தாள்களைப் புரட்டினேன்.

“ஓம், போடும்,” என்றாள் மனைவி பின்வரிசையிலிருந்து. “மெல்லமாத்தான். ஆனா வடிவாக் கேக்கும்.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். மானத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இஞ்சாருங்கோ, உண்மையாவே சத்தம் போடுமோ?”

தெரியாது என்றேன். வெட்கமாக இருந்தது.