அப்பாவின் விரலுக்குப் போட்ட பூட்டு

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தங்கியவர்களின் ஆதார் காப்பிகளை யாரோ திருடிவிட்டார்களாம்.

மானேஜர் படித்துவிட்டு, "கஸ்டமருங்ககிட்ட மூச்சு வுடாத. பௌர்ணமி வருது, கிரிவலக் கூட்டம் வேற லாட்ஜுக்குப் போயிடும்" என்றார்.

திருடுபோனதில் என் அப்பாவின் ஆதாரும் இருந்தது. சேர்ந்த முதல் நாள் ஸ்கேன் பண்ணிப் பழகச் சொன்னார்கள். என் கார்டு லேமினேஷனில் பளபளத்துச் சரியாக விழவில்லை. வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் எல்லார் கார்டும் என் பையில்தான் இருக்கும். அப்பாவுடையதை வைத்துப் பழகினேன். அழிக்க மறந்துவிட்டேன்.

சாயங்காலம் ஊருக்குப் போனேன். ஒருவர் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும் அரசு இணையதளத்தில், அப்பா போனை வைத்துப் பார்த்தேன். இரண்டு காட்டியது. அப்பாவிடம் இருப்பது ஒன்றுதான். மற்றது எங்களுடையது இல்லை என்று புகார் பதிந்தேன். பயம் அடங்கவில்லை. ஆதாரில் கைரேகையையும் லாக் செய்தேன்.

"போன்ல நம்பர் வந்தா யாருக்கும் சொல்லாதபா. நான்தான்னு சொல்லிக் கேட்டாலும் சொல்லாத."

மறுநாள் ரேஷன் கடையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "மெஷின் என் வெரல எடுக்கல. லாக் ஆயிருக்குன்றாங்க. என் வெரலுக்கே பூட்டு போட்டியாடா?"

பின்னால் யாரோ, "புள்ளய ஜாஸ்தி படிக்க வெச்சா இப்படித்தான் மாமா" என்றது கேட்டது.

லாக்கைத் திறக்க ஓடிபி அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

"நம்பர் வந்துச்சாபா?"

"வந்துச்சு."

"சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"நான்தான்பா."

"அப்படிக் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்ன."

ஓடிபிக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"செரி, நம்ம செவல மாட்டுக்கு எந்தப் பக்கம் கொம்பு ஒடஞ்சுது?"

இடமா, வலமா? "அதுக்குக் கொம்பு ஒடையவே இல்லியேபா."

"ம். எழுதிக்க."

அரிசி வாங்கிய பிறகு திரும்ப லாக் செய்தேன். அப்பாவுக்கு நான் இருந்தேன். லாட்ஜில் தங்கிப்போனவர்களுக்கு விஷயமே தெரியாது. மானேஜரிடம் போய், எல்லாருக்கும் சொல்லிவிடலாம் சார் என்றேன். தங்கினவர்கள் பேர் எழுதிய லெட்ஜரை என் பக்கம் தள்ளினார். "பண்ணு. என் பேரு வரக்கூடாது."

முதலில் வேலூர் அம்மா ஒருவருக்குப் போன் போட்டேன். "நீ லாட்ஜுதான்னு நான் எப்படிப்பா நம்பறது?" என்றார்.

"நம்பாதீங்கம்மா. உங்க ரசீதுல இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்புடுங்க" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நிமிஷத்தில் மேஜைப் போன் அடித்தது.