இரண்டு முழ ஹாண்டில்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. எங்களுக்கு இறக்கம் என்று இருந்தது நாவற்குழிப் பாலத்தின் இறக்கம் ஒன்றுதான். வெறும் சைக்கிளில் போகிறவனுக்கு அது இறக்கமாகவே தெரியாது. மூன்று அந்தர், நூற்றைம்பது கிலோ விறகோடு போகிறவனுக்குத் தெரியும்.

தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயை மருந்து மாதிரிச் சின்னப் போத்தலில் விற்றார்கள். பட்டணத்தில் எல்லா அடுப்பும் விறகில் எரிந்தது. விறகு பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் இருந்தது. நான் அதுவரை புகையிலைத் தோட்டம் செய்தவன். இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் தோட்டம் காய்ந்தது. நானும் தங்கச்சியின் புருஷனும் சாவகச்சேரிப் பக்கமிருந்து பட்டணத்து ஓரத்து அரியாலைக்கு விறகு ஏற்றத் தொடங்கினோம். அவன் எனக்கு மச்சான். நானும் அவனுக்கு மச்சான். என்னைவிட ஆறு வயது இளமை. மெல்லிய ஆள். இரண்டு பிள்ளைகள்.

விறகுச் சைக்கிளில் ஏறி ஓட முடியாது. கரியரின் இரண்டு பக்கமும் பலகை கட்டி, ஆள் உயரத்துக்குக் கட்டை அடுக்கி, இடப்பக்கம் நின்று தள்ள வேண்டும். இடக்கை ஹாண்டிலில். வலக்கை சீற்றுக்குப் பின்னால் கட்டிய தடியில். பிறேக் அந்தப் பாரத்துக்குப் பிடிக்காது. அதனால் விறகுக்காரர் சோடியாகத்தான் போவார்கள். பாலத்தின் மேலே வந்ததும் ஒரு சைக்கிளுக்குத் தடியால் மிண்டு கொடுத்து நிறுத்துவார்கள். மற்றச் சைக்கிளின் கரியரில் கயிறு கட்டி, ஒருவன் பின்னால் குதிக்காலை ஊன்றி இழுத்துப் பிடிப்பான். முன்னால் நிற்கிறவன் ஹாண்டிலைப் பார்த்துக்கொள்வான். அது இறங்கியதும் திரும்ப ஏறி வந்து மற்றதை இறக்குவார்கள். 

ஒரு நாள் நான் கயிறு பிடிக்க அவன் இறக்கினான். சோளகக் காற்று பக்கத்தால் அடித்தது. பாரம் சரிந்தது. அவன் ஹாண்டிலை அழுத்த, ஹாண்டில் வெள்ளரிக்காய் மாதிரி வளைந்து கீழே போனது.

"விடாதை மச்சான்! பிடி!" என்று கத்தினான்.

நான் கயிற்றை விடாமல் உடுத்த சாரத்தோடு தார் றோட்டில் குந்திவிட்டேன். சைக்கிள் விழுந்தது. அவனுக்கு மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. கயிறு இல்லாவிட்டால் விறகு முழுக்க அவன் மேல் விழுந்திருக்கும்.

அன்று பின்னேரம் தங்கச்சி அவன் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணை, இவரைத் தனிய மட்டும் இறங்க விடாதேங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"விடமாட்டன்" என்றேன்.

"இவர் சொன்னாலும் விடாதேங்கோ. இவருக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

"கலியாணத்துக்கும் நான்தான் அவசரப்பட்டனான். இப்ப தெரியுது" என்றான் மச்சான். அவள் வீங்கின கையில் ஒரு அடி போட்டாள்.

மறுநாள் ஹாண்டில் தேடிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போனோம். சைக்கிள் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. பழையது, ஒடுக்கம். மச்சானுக்கு அது பிடித்துக்கொண்டது.

"இது காணும், வேற தேட வேண்டாம். சின்னவளை முன்னாலை இருத்திக்கொண்டு போகவும் வசதி" என்றான்.

நான் வாங்கி முழங்காலில் வைத்து அமத்திப் பார்த்தேன். கொஞ்சம் இசைந்து கொடுத்தது.

"உதையோ பாலத்தில நம்பப்போறாய்?" என்றேன்.

கடைக்காரர் கையை நீட்டினார். "அண்ணை, முறிக்கிறதெண்டா வாங்கிப்போட்டு வீட்டில போய் முறியுங்கோ."

நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். ஹாண்டில் அகலமாக இருந்தால் காற்றுக்குப் பிடித்து நிற்கலாம். தடிப்பாக இருந்தால் வளையாது. அதுதான் என் கணக்கு. மெசின் கிணற்றடியிலிருந்து மாட்டுத் தொட்டிக்குப் போட்ட முக்கால் அங்குல இரும்புக் குழாய் எங்கள் வளவில் சும்மா கிடந்தது. மெசினும் ஓடவில்லை, மாடும் இல்லை. குழாயைக் கழற்றிக் கம்மாலைக்குக் கொண்டு போனேன். 

கம்மாலைக்காரர் குழாயைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"எவ்வளவு அகலம்?"

"ரண்டு முழம்" என்றேன்.

"ஆருக்கு? சைக்கிளுக்கோ, வண்டில் மாட்டுக்குக் கொம்போ? ஒழுங்கைக்குள்ள இது போகாதே."

"ஒழுங்கைக்குள்ள போகாட்டில் சனத்தின்ரை வேலியைத் தள்ளி வைப்பம்" என்றான் மச்சான்.

வெறும் குழாயை வளைத்தால் வளைகிற இடத்தில் சப்பிப் போகும். அதனால் உள்ளுக்கு மணல் இறுக்கி, இரண்டு வாயிலும் மரத் தக்கை அடித்து, உலையில் காய்ச்சி வளைத்தார். மணல் காய்ந்த மணலாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் வெடிக்கும் என்றார். நான்தான் துருத்தி இழுத்தேன். வளைத்து ஆறிய பிறகு தக்கையைக் கழற்றி மணலைக் கொட்டினார். பழைய ஹாண்டிலின் கழுத்தில் பித்தளை உருக்கி ஒட்டினார். றப்பர் பிடி எங்கும் இல்லை. பழைய ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றினோம். முனை இரண்டும் வாய் திறந்தபடி இருந்தன. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நான் அந்த ஹாண்டிலில் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மச்சான் அடுத்த நாள் பாலம் தாண்டிச் செம்மணி வெளியில் காற்றுக்குள் தள்ளிப் பார்த்துவிட்டு, "மச்சான், இப்பதான் சைக்கிள் சொல்லுக் கேக்குது" என்றான். எனக்கும் அப்படி ஒன்று செய்விக்க நினைத்தேன். குழாய் மிச்சம் இல்லை.

ஒன்றரை மாதம் கயிறு பிடித்தோம். பாரமும் கூடிக்கொண்டு வந்தது. ஹாண்டில் தாங்குகிறது என்று ஒவ்வொரு நாளும் இரண்டு கட்டை கூட வைத்தோம்.

பாலத்திலும் வெளியிலும் மறைய ஒரு பற்றை இல்லை. ஒரு காலை, அவன் சைக்கிளை இறக்கிவிட்டு என்னுடையதை இறக்க ஏறி வரும்போது ஆமியின் ஹெலி வந்தது. இரண்டு பேரும் பாலத்துச் சுவரோடு படுத்தோம். ஹெலி இரண்டு முறை சுற்றிவிட்டுச் சுடாமல் போனது. மச்சான் எழும்பி மண்ணைத் தட்டினான்.

"ரண்டு தரம் ஏறி இறங்காட்டில் இப்ப வெளி தாண்டியிருப்பம். உந்த ஹாண்டிலுக்குக் கயிறு என்னத்துக்கு? ஆளுக்காள் தனிய இறக்கிக்கொண்டு போவம்."

நான் கயிற்றை எடுத்து என் கரியரில் கட்டப் போனேன்.

"நீதானே செய்விச்சனி. உனக்கே நம்பிக்கையில்லையோ?"

"சரி. நாளைக்கு நீ முன்னாலை போ" என்றேன்.

அப்படிச் சொன்னது நான். அடுத்த நாள் நன்றாக இறங்கினான். அதற்கடுத்த நாளும் இறங்கினான். நான் பாரம் குறைத்து அவனுக்குப் பின்னால் இறங்கினேன். பிறகு கயிற்றைக் கொண்டு போகவே இல்லை.

தங்கச்சி மட்டும் பின்னேரங்களில் கேட்பாள்.

"கயிறு பிடிச்சனீங்களோ அண்ணை?"

"ஓம்" என்பேன்.

அவன் என்னைப் பார்க்காமல் கால் கழுவுவான்.

ஆடிக் காற்று. பாலத்தின் மேல் நான் அவனுக்குப் பின்னால் ஒரு முப்பது அடியில் நின்றேன். அவன் இறங்கத் தொடங்கிவிட்டான். அடியில் ஷெல் விழுந்த பள்ளம் ஒன்று இருந்தது. எங்களுக்குத் தெரிந்த பள்ளம்தான். எப்போதும் அதற்கு வலப்பக்கத்தால் எடுப்போம். அன்று வலப்பக்கத்தில் ஒரு கிழவன் ஆட்டோடு வந்தான். மச்சான் கொஞ்சம் இடப்பக்கம் வெட்டினான். முன் சில்லு பள்ளத்துக்குள் போனது. ஹாண்டில் சடாரென்று இடப்பக்கம் திரும்பிக் குழாயின் முனை அவன் வயிற்றில் ஏறியது. பின்னால் மூன்றரை அந்தர் விறகு தள்ளியது.

பழைய ஹாண்டில் என்றால் வளைந்திருக்கும். இது வளையவில்லை.

எனக்கு ஓடிப்போக முடியவில்லை. என் சைக்கிளும் இறக்கத்தில் கால் வைத்துவிட்டது. கையை விட்டால் அது அவன் மேல்தான் போகும். அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டு வந்தேன். அவன் குந்தியிருந்தான். ஆடு வைத்திருந்த கிழவன் அவன் முதுகைத் தடவினான்.

"மூச்சுத்தான் அடைச்சது" என்றான் மச்சான். "ஒண்டுமில்லை. கட்டையைப் பொறுக்கு."

அவன் போட்டிருந்த சேட்டைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். இரத்தம் இல்லை. தோல் கிழியவில்லை. இடப்பக்க விலாவுக்குக் கீழே குழாய் வாய் அளவில் ஒரு சிவப்பு வட்டம் மட்டும் இருந்தது.

"ஆசுப்பத்திரிக்குப் போவமோ?"

"உதுக்கோ? டொக்டர் சிரிப்பார்."

விறகை அடுக்கிக் கட்டினோம். அவனும் கட்டினான். அரியாலையில் வழமையாக இறக்குகிற வீட்டுக்குப் போய் இறக்கினோம். அந்த வீட்டுக்காரி தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. வியர்த்தது. வெயில் என்று நினைத்தேன். யாழ்ப்பாணப் பெரியாசுப்பத்திரி அங்கிருந்து வெறும் சைக்கிளில் அரை மணித்தியாலம்கூட இல்லை. நாங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினோம். இரத்தம் வந்தால்தான் காயம் என்று நான் நினைத்த காலம் அது. ஷெல் பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படிப் பழகிவிட்டது.

கைதடிக்கு வரும்போது அவன் சைக்கிளைப் பிடிக்க முடியாமல் தெருக்கரையில் இருந்தான். உதடு வெள்ளை. என் கரியரில் இருத்தி, என் இடுப்போடு அவனை ஒரு பழைய சாரத்தால் கட்டிச் சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். வழியில் ஒரு முறை, "அவளுக்குச் சொல்லாதை" என்றான். எதைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

டொக்டர் வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறியது. உள்ளுக்குள் இரத்தம் போய்விட்டது என்றார். எப்போது அடிபட்டது என்று கேட்டார். காலமை என்றேன். அப்போது பின்னேரம் மூன்று மணி. இரத்தம் ஏற்ற ஆள் தேடினார்கள். என்னுடையது பொருந்தவில்லை. தங்கச்சி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இல்லை. பொழுது படமுன் முடிந்தது.

தங்கச்சி அவன் சேட்டை விலக்கி அந்த வட்டத்தைப் பார்த்தாள். அப்போது அது கறுத்துப் போயிருந்தது. விரலால் அதைச் சுற்றித் தொட்டாள். பிறகு கேட்டாள்.

"கயிறு பிடிச்சனீங்களோ?"

"இல்லை."

"எப்ப தொடக்கம்?"

"ஆனி மாசம்."

"ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

"ஓம்."

அவள் அழத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

செத்தவீட்டில் சனம் விதியென்று கதைத்தது. சிலர் என்னிடம் வந்து அந்தப் பள்ளத்தைக் குறை சொன்னார்கள். நான் தலையாட்டினேன். தங்கச்சி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. கைதடித் தெருக்கரையில் விட்ட சைக்கிளை ஆரோ கொண்டு வந்து வேலியோடு சாத்தியிருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து மூன்றாம் நாள் பிள்ளையை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனேன். சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, அதன் இடப்பக்கத்தில் நின்றாள். வலக்கை தடியில். இடக்கை ஹாண்டிலை எட்டிப் பிடிக்க உடம்பு கோணியது.

"எனக்குக் கை எட்டேல்லை. ரண்டு பக்கமும் வெட்டி விடுங்கோ."

அவள் தானே விறகு ஏற்றப் போகிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"நான் உனக்கும் சேர்த்து ஏத்துவன்" என்றேன்.

"வேண்டாம்."

"பொம்பிளை ஒராள் அந்த வெளியில..."

"ஆம்பிளையள் போய் என்னத்தைக் கிழிச்சனீங்கள்?"

வீட்டுக்குப் போய் இரும்பு அறுக்கிற வாள் கொண்டு வந்தேன். இரும்பு தடிப்பு. ஒரு பிளேட் முறிந்தது. பக்கத்துக்கு நாலு விரல் வெட்டினேன். பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும்."

இன்னும் நாலு விரல் வெட்டினேன். வெட்டின முனையை அரத்தால் ராவினேன். பூவரசங் கொப்பில் இரண்டு தக்கை சீவி வாயில் அடித்து இறுக்கினேன். அதன் மேல் ரியூப்பை நாலு மடிப்பாகச் சுற்றிக் கட்டினேன். அவள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரோடை போறாய்?"

"பின் ஒழுங்கை அக்காவோடை. அவவும் விறகு ஏத்திறவ. நான் அவவுக்குப் பிடிப்பன். அவ எனக்குப் பிடிப்பா."

"நான் வாறனே."

"உங்களை நம்பித்தான் அவரை விட்டனான்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள்.

அடுத்த கிழமை பாலத்தில் அவர்களைக் கண்டேன். தங்கச்சி ஹாண்டிலில் நின்றாள். பின் ஒழுங்கை அக்கா பின்னால் கயிற்றைக் கையில் சுற்றிக் குதிக்காலை ஊன்றிக்கொண்டு வந்தா. சின்னப் பாரம். பள்ளத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று, ஏதோ கதைத்து, பிறகு எடுத்தார்கள். திரும்ப ஏறி வந்து மற்றதையும் இறக்கினார்கள். ஏறி வரும்போது தங்கச்சி என்னைக் கண்டாள். என்னைத் தாண்டி மற்றச் சைக்கிளுக்குப் போனாள்.

அவர்கள் வெளியில் சின்னதாகப் போகும் வரை என் சைக்கிளுக்கு மிண்டு கொடுத்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் பிடிக்க ஆள் இல்லை. அரைவாசி விறகை அவிழ்த்துப் பாலத்துச் சுவரோடு வைத்துவிட்டு மிச்சத்தை இறக்கினேன். கீழே கொட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு மற்ற அரைவாசிக்கு ஏறினேன்.