சனிக்கிழமைச் சந்தைக் கணக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். அதனால்தானோ என்னவோ, என்னை ஏமாற்றுவதற்கு இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். ஏமாற்றியவர் என் மனிசன். கூட்டுக்கு எடுத்தது எட்டு வயது மகளை.

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்குக் காரணம் கணக்குப் பாடம். வாய்பாடு சொல்லத் தெரியாத பிள்ளைகள் வகுப்பு முடியும்வரை எழும்பி நிற்க வேண்டும். கணக்கு இருக்கிற நாளில் விடிய எழும்பியதும் அவளுக்குச் சத்தி வரும், வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். மருந்து கொடுத்துப் பார்த்தோம், கோயிலில் நூல் கட்டிப் பார்த்தோம். கடைசியில் மார்கழி விடுமுறையோடு, இனி வீட்டிலேயே படிப்பிப்போம் என்று முடிவெடுத்தோம். நான் மட்டும் எடுத்த முடிவில்லை அது, இரண்டு பேருமாகத்தான் எடுத்தோம்.

எந்த முறையில் படிப்பிப்பது என்று இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்தேன். ஒன்றில் கரடியும் பனிமனிதனும் டொலர் காசும். பக்கத்துக்குப் பக்கம் ஐம்பது கணக்கு. இன்னொன்று பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகமேதான், அட்டை மட்டும் வேறு. மூன்றாவதைப் படித்தபோதுதான் மூச்சு வந்தது. முதல் ஆறு கிழமைக்குப் புத்தகமே வேண்டாம், பிள்ளையின் கையில் பொருளைக் கொடுங்கள், அளக்கவும் அடுக்கவும் பங்குபிரிக்கவும் விடுங்கள், விடையை நீங்கள் சொல்லாதீர்கள் என்றிருந்தது. முக்கியமாக, வாய்பாட்டைப் பாடமாக்க விடவேண்டாம் என்று இருந்தது.

இவர் அதை ஒரு சொல் விடாமல் வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு. செய்து பாப்பம்" என்றார். செய்தும் காட்டினாரே மனிசன்! பலகை வாங்கி, ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் அளவு அளவாகக் கட்டைகள் அரிந்து, உரஞ்சி, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம் பூசித் தந்தார். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, சட்டையும் மாற்றாமல் இருந்து செய்த வேலை அது. எனக்குக் கண் கலங்கிப் போனது, சொல்ல வெட்கமில்லை.

பங்குபிரிக்கிற பாடத்தைத் தானே எடுப்பதாகவும் சொன்னார். சனிக்கிழமைகளில் மீன் வாங்கப் போகிறவர் அவர்தான். எங்கள் சந்தையில் சின்ன மீனை நிறுப்பதில்லை, குவித்துக் கூறாக வைப்பார்கள். ஒரு கூறில் எத்தனை, மூன்று பேருக்குப் பிரித்தால் எத்தனை, மிச்சம் எத்தனை என்று பிள்ளை எண்ணிப் பார்க்கலாமே என்றார். அப்படியொரு யோசனை எனக்கு வரவில்லையே என்று நினைத்தேன். சனிக்கிழமை ஏழரைக்கு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போவார்கள், பதினொரு மணிபோல் மீனோடு வருவார்கள். மகள் அன்றைய கூறைப் படமாக வரைந்து கொண்டுவருவாள். கீழே, "கூறு ஒன்று, மீன் பதினான்கு, ஆளுக்கு நான்கு, மிச்சம் இரண்டு" என்று எழுதியிருக்கும். அதையெல்லாம் நான் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன்.

ஒருநாள் ஏழாம் நம்பர்க் கட்டை ஆறை வரிசையாக அடுக்கி, பத்தாம் நம்பர்க் கட்டைகளைப் பக்கத்தில் வைத்து அளந்து, "அம்மா, நாப்பத்திரண்டு! நானே கண்டுபிடிச்சிட்டன்!" என்று துள்ளினாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. பிள்ளையை வீட்டில் மறித்து வைத்துப் பழுதாக்குகிறேன் என்று வாய் ஓயாமல் சொன்ன மச்சாளுக்கு உடனே போன் எடுத்து, அரைமணித்தியாலம் பீற்றிக்கொண்டேன். சத்தியும் நின்றுவிட்டது என்று சொன்னேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை இவருக்கு விடியவே வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு. நான் மகளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவள் வழக்கத்துக்கு மாறாக என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். இவர் வழக்கமாக வாங்குகிற மீன்காரரிடம் போய், இவருடைய மனிசி என்று சொல்லி, சிரித்துக்கொண்டு, "இவதான் அண்ண, கிழமைக்குக் கிழமை உங்கட மீனை எண்ணி உயிரை எடுக்கிற ஆள்" என்றேன்.

அவர் மகளை மேலும் கீழும் பார்த்தார். "இவவையோ? நான் இண்டைக்குத்தானே தங்கச்சி காணுறன். ஐயா தனியத்தான் வாறவர். வெயில் ஏறினாப் பிறகு ஓடி வந்து, கிடக்கிறதை அள்ளிப் போடு எண்டுவார்."

மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மகளை வெளியே கூட்டி வந்தேன்.

"எங்க போறனீங்கள் ரெண்டு பேரும்?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அப்பா சொல்ல வேணாம் எண்டவர்."

"நான் கேக்கிறன். சொல்லு."

"கிண்ணியாவுக்கு. ரியூசனுக்கு."

டவுணுக்குள் ஆயிரம் ரியூசன் இருக்க, பாலம் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார். இங்கே என்றால் யாராவது தெரிந்தவர் கண்டு எனக்குச் சொல்லிவிடுவார்கள் அல்லவா! எப்போது தொடங்கினது என்று கேட்டேன். பொங்கல் முடிந்த சனிக்கிழமை என்றாள். அப்போது அந்தக் கட்டைகளில் பூச்சுக்கூடச் சரியாகக் காய்ந்திருக்காது.

"படங்கள்?"

"அப்பா மீன் வாங்கப் போகேக்க நான் மோட்டார் சைக்கிளடியில நிண்டு கீறுவன். எத்தின மீன் எண்டு அப்பா சொல்லுவார்."

"நாப்பத்திரண்டு எண்டு கண்டுபிடிச்சியே, அது?"

"அது ரியூசன் சேர் முதலே பாடமாக்கச் சொன்னவர்."

"பிறகேன் கட்டையெல்லாம் அடுக்கினனீ?"

"நான் கண்டுபிடிச்சா நீங்கள் சந்தோசப்படுவீங்கள் எண்டு."

இவர் பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். அந்தத் துள்ளல் பொய். நான் மச்சாளிடம் பீற்றிய அந்தத் துள்ளல், பிள்ளை எனக்காக நடித்துக் காட்டியது. கேட்கப் பயந்து பயந்து கடைசிக் கேள்வியையும் கேட்டேன்.

"சனிக்கிழமையில சத்தி வாறேல்லையோ?"

"வாறதுதான். பாலத்தடியில அப்பா நிப்பாட்டுவார். எடுத்துப்போட்டு, வாய் கொப்பளிச்சிட்டுப் போவம். அப்பா போத்தலில தண்ணி கொண்டுவருவார்."

போத்தல்! சனிக்கிழமைதோறும் அந்தத் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்தது நான். வெயிலில் பிள்ளைக்குத் தாகமெடுக்கும் என்று நிரப்பிக் கொடுத்தேன்.

மத்தியானம் இவர் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "இஞ்சாருங்கோ, என்னட்ட ஒரு சொல் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே! என்னை விசரியாக்கிப்போட்டீங்களே! பிள்ளைக்குப் பொய் பழக்கிப்போட்டீங்களே!"

அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே கதைத்தார்.

"உமக்குச் சொன்னா நீர் விடமாட்டீர். என்னோட வேலை செய்யிற ஆக்களின்ர பிள்ளையள் எல்லாம் ரியூசன் ரியூசனா ஓடுது. எங்கட பிள்ளை கட்டை அடுக்கிக்கொண்டு இருக்குது. நாளைக்கு ஒரு சோதினை எண்டு வந்தா என்ன செய்யிறது? நானும் அவளுக்குத் தகப்பன்தானே. எனக்குப் பயமா இருந்தது."

"அவள் சத்தி எடுக்கேக்க உங்களுக்குப் பயம் வரேல்லையோ?"

"வந்தது. எண்டாலும் இப்ப பன்னிரண்டாம் வாய்பாடு வரைக்கும் சொல்லுறாள். உம்மட கட்டையாலயோ வந்தது?"

"உம்மட கட்டை" என்றார். அரிந்து நிறம் பூசித் தந்த மனிசன் சொல்கிறார்! எது எதால் வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு மாதமாக நான் பார்த்தது எது உண்மை, எது எனக்காகச் செய்தது என்று பிரித்தெடுக்க இனி ஏலாது.

சரி, பிள்ளையையே கேட்போம் என்று அவளைக் கூப்பிட்டேன். குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். பக்கத்தில் இருத்தி, தலையைத் தடவி, என்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா ஏசமாட்டன். அப்பாவும் ஏசமாட்டார். உண்மையைச் சொல்லு. வீட்டில படிக்கிறதோ, ரியூசனோ, உனக்கு எது விருப்பம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கணக்குக்கு விடை யோசிக்கிற பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எதைச் சொன்னா ரெண்டு பேரும் சண்டை பிடிக்கமாட்டீங்கள்?" என்றாள்.