பன்னிரண்டாம் அத்தியாயத்து மீன்குழம்பு

கப்பல் ஆபீசில் கழித்துப்போட்ட பில் தாள்களின் முதுகில்தான் செல்வராணி எழுதுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் டிபன் டப்பாவைத் திறந்தபடி மறுகையால் சோழர் காலத்துக் கப்பலை நாகப்பட்டினத்தில் நிறுத்துவாள்.

கதாநாயகி முத்து வியாபாரம் செய்யும் விதவை. நாயகன் வங்க மாலுமி. மூன்று வருஷமாக அவன் மனதைத் திறக்கவில்லை. "நா என்ன செய்ய? பய வாயத் தொறக்க மாட்டேங்கான்" என்று அலுத்துக்கொள்வாள், தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல.

சனிக்கிழமை மாலை அத்தியாயம் கேட்க மாடியேறி வருபவர் கீழ்வீட்டு வங்காளி மோஹித். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், மனைவியை இழந்தவர். தமிழர் தெருவில் வளர்ந்ததால் தமிழ் தெரியும். அவளைப் பௌதி, அதாவது அண்ணி, என்பார்; அவளுக்கு அவர் மோஹித்தா, அதாவது மோஹித் அண்ணன். கையில் ஒரு கிண்ணம் இருக்கும்: பாகற்காய் போட்ட சுக்தோ, இல்லாவிட்டால் பூசணிக்காய். மீன் சேராத, அந்தக் கால வங்காளத்து விதவைச் சாப்பாடு. அவர் வீட்டு ஜன்னலிலோ இலிஷ் மீன் மணக்கும். தூத்துக்குடிக்காரி செல்வராணி கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம், இந்த மனுஷனுக்கு நான் செத்துப்போன கதிரேசனின் பெண்டாட்டி மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

போன வாரச் சனிக்கிழமை பன்னிரண்டாம் அத்தியாயம். கதாநாயகி அயிலை மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். மோஹித் கையைத் தூக்கினார்.

"தப்பு, பௌதி. புருஷன் இல்லாத பொண்ணு மீன் எப்படி சாப்பிடும்?"

"எங்க ஊர்ல அதெல்லாம் பாக்க மாட்டாவ, மோஹித்தா. புருஷன் போனா நாக்குமா போயிரும்?"

"அப்போ நீங்க? ஆறு வருஷமா மீன் வாங்கலை. கதிரேசன் தாதாவுக்காக விரதம்னு நான்..."

"வெரதமா? ஒத்த ஆளுக்கு எவ மீனு ஆய்வா!"

அவர் மேற்கொண்டு கதை கேட்கவில்லை. குடையைக்கூட மறந்து இறங்கிப் போனார். அந்த வாரம் முழுவதும் செல்வராணிக்கு எழுத ஓடவில்லை. அதிகப்படியாகப் பேசிவிட்டோமோ என்று தவித்தாள். அவர் வரவேண்டுமே என்று, ஐம்பத்தாறு வயதில், வெட்கத்தை விட்டு ஏங்கினாள்.

நேற்றுச் சனிக்கிழமை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிண்ணத்துக்குப் பதில் மூடி போட்ட பாத்திரம். திறந்தால் கடுகு அரைத்த குழம்பில் இலிஷ், சினையோடு இரண்டு துண்டு.

"முள் ஜாஸ்தி, செல்வராணி" என்றார் மோஹித், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் தாள்களை ஓரமாக ஒதுக்கினாள். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த இன்னொரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, தன் தட்டுக்கு எதிரே வைத்தாள்.