ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து காடியில் கிளம்பினேன்; எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, பையில் அடையாள அட்டை. கோலசிலாங்கூருக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். என் கூட்டாளி அந்தோணியின் மனைவி மரியா முந்தின நாள் போன் செய்திருந்தாள். "அண்ணே, நாளைக்கு அவரு சாட்சி சொல்றாரு. கண்டிப்பா வந்துருங்க."

அந்தோணி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். எப்போதோ எதையோ இடித்த வழக்கு இப்போது விசாரணைக்கு வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து பேச்சே போன மனிதன் எப்படிச் சாட்சி சொல்வான் என்று யோசிக்க மூளை வேண்டும். அதை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வழியில் ஜெரம் டவுனில் வண்டியை நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே தாரே என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயும் குடித்தேன். நான்கு வெள்ளி கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் என் டையைப் பார்த்தார்.

"கல்யாணங்களா?"

"கோர்ட்டுங்க. கூட்டாளி சாட்சி சொல்றாரு."

"ஞாயித்துக்கெழம எந்த கோர்ட்டு லா தெறந்திருக்கு?"

தே தாரே மூக்கில் ஏறியது. மரியாவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "கோர்ட்டு இல்லண்ணே, கோயிலு! ஆண்டவரு நமக்குச் செஞ்சத எல்லாரு முன்னாலயும் சொல்றதுதான் சாட்சி." பிறகு அவள் குரல் இறங்கியது. "தெரபிக்கும் போறோம், செபமும் பண்றோம். இன்னிக்கு எந்திரிச்சு நின்னு பேசணும்னு அவரே கையக் காட்டிக் காட்டிக் கேட்டாரு. ஒரு வார்த்த வந்தாப் போதும்ணே. வரலைன்னா ஒடஞ்சு போயிருவாரு."

டையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன்.

கோலசிலாங்கூர்ப் பாலம் தாண்டி, புக்கிட் பெலிம்பிங் பக்கம் திரும்பி, செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி ஒன்பதரைக்குத் தோட்டத்துச் சிற்றாலயத்தை அடைந்தேன். லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். முன்பு அங்கே இருந்த தமிழர்கள் ஞாயிறு தவறாமல் டவுனிலிருந்து கார்களில் வந்துவிடுகிறார்கள். நான் முருக பக்தன். கடைசி பெஞ்சியில் பவ்யமாக உட்கார்ந்தேன். எல்லாரும் முழங்காலிட்டபோது நானும் முழங்காலிட்டேன். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. குணமளிக்கும் கூட்டத்தில் புது நோயாளி.

அந்தோணியிடம் ஸ்ட்ரோக் விட்டுவைத்த ஒரே சொல் 'லா', மலேசியாவில் நாங்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் அந்த வால். பசித்தால் லா, கோபம் வந்தால் லா. மரியா அவனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிறுத்தினாள். ஃபாதர் அவன் தலைமேல் கை வைத்துச் செபித்துவிட்டு, "அவசரமில்ல அந்தோணி, மெதுவா," என்றார்.

அவன் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் பெஞ்சியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ம... ம... மரியா."

அவ்வளவுதான்! மாதாவின் பெயரும் மரியாதானே, மாதாவையே அழைத்துவிட்டான் என்று கோயில் முழுக்க ஒரே பரவசம். முன்வரிசை அம்மாக்கள் செபமாலையை எடுத்து மாதா மன்றாட்டைத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தோணி மட்டும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். மாதா சுரூபத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான்.

"மரியா... லா."

செபம் பாதியில் நின்றது. மாதாவிடம் யாரும் லா போட்டுப் பேசுவதில்லை.

"இருக்கேன்யா," என்றாள் மரியா. "இங்கதான் இருக்கேன்." அவன் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபாதர், "சாட்சி முடிஞ்சது," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மதியம் கோழிக்கறிச் சாப்பாட்டின்போது மரியா எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "கட்டிக்கிட்ட நாள்லேருந்து 'ஏய்', 'இந்தா'தாண்ணே. குடிச்சிட்டு வந்தா அதவிட மோசம். பேரச் சொல்லிக் கூப்புட்டதே இல்ல. வாய்க்கு இன்னும் கொஞ்சம் சொகம் வரணும். மனுசனுக்கு மீட்பு வந்திருச்சு." அந்தோணி தட்டிலிருந்து நிமிராமலே, "லா," என்றான். ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம்.

மூன்று மணிக்குத் திரும்பினேன். அற்புதம் என்றால் இடி மின்னலோடு வரும் என்று நினைத்திருந்தேன். இது பெண்டாட்டியின் பெயராக வந்தது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டிலும் 'ஏய்'தான் என்பது உறைக்க, கிள்ளான் வந்ததும் வாசலில் நின்று என் மனைவியை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"காமாட்சி!"

அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள் என்னைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"காடிய எங்க கொண்டுபோயி இடிச்சீங்க?"